கைநனையாப் படை

ஞானதிரவியத்தின் தலைக்குள் காலை ஏழு மணிக்கே கூட்டம் கூடிவிட்டது.

"வாங்க, வாங்க. நின்னுக்கிட்டே இருக்கியளே, உக்காருங்க. எந்த ஊரு?"

"உக்கார வரல. ஒன்னையக் கொல்ல வந்திருக்கோம்."

"கொல்லுங்க, யாரு வேண்டாம்னா? அவ்வளவு தூரம் வந்திருக்கிய. ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுக் கொல்லுங்க."

ஞானதிரவியம் காதிலிருந்த பொத்தானைச் சரிசெய்துகொண்டு நோட்டில் எழுதினார்: '7.10 படை வந்தது. 7.12 காப்பி.' ஏழேகாலுக்குப் படையில் பாதிப் பேர் சம்மணம் போட்டாயிற்று. ஏழரைக்கு முதல் கொட்டாவி. எட்டு மணிக்கு, கொல்ல வந்த நாற்பது லட்சம் பேரும் விட்ட குறட்டையில் அவருக்குப் பல் கூசியது.

இத்தனைக்கும் அந்தக் காலத்தில் புற்றுநோய் என்பது ஜலதோஷத்துக்குத் தம்பி. நெஞ்சில் கட்டி என்று காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனவர், சாயங்காலம் கட்டியை விட்டுவிட்டுக் கருப்பட்டி வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார். நோயாளியின் ரத்தத்திலிருந்தே காவல் செல்களைப் பிரித்தெடுத்து, செல்பட்டறையில் மூன்று வாரம் சிலம்பம் பழக்கி, கொல்செல்களாக்கித் திருப்பி அனுப்புவார்கள். ஈரல், நுரையீரல், குடல் எங்கே கட்டி ஒளிந்திருந்தாலும் தேடிப்போய் வெளுத்துவிடும். மூளையில் மட்டும் பாச்சா பலிக்கவில்லை. கொல்செல்கள் மூளைவாசலில் வரிசையில் நின்று, பரிசோதனை முடித்து, உள்ளே போகும். போனவை போனவைதான்.

ஏன் என்று கண்டுபிடிக்க வந்த கருவிதான் அகச்செவி. செல்கள் ஒன்றோடொன்று ரசாயனத்தில் பேசுகின்றன. மண்டையோட்டில் மயிரிழைத் துளை போட்டு உள்ளே விட்ட ஐந்து உணரிகள் அந்த ரசாயனத்தை முகர்ந்து, பேச்சாக்கி, காதுக்கு அனுப்பும். எந்தப் பேச்சு? நோயாளி பிறந்து வளர்ந்த பேச்சு. கும்பகோணத்துக்காரர் தலையில் கட்டி வெற்றிலை மடித்துக் கொடுத்ததாகவும், மதுரைக்காரர் தலையில் 'மொதல்ல இலையில உக்காருங்க' என்று தோளைப் பிடித்து அழுத்தியதாகவும், சென்னைக்காரர் தலையில் மட்டும் சங்கிலியை எடுக்காமல் கதவிடுக்கு வழியாகவே பேசி மயக்கியதாகவும் பதிவுகள் உண்டு. இதில் எது வெறும் பேச்சு, எது ஆளைக் கவிழ்க்கும் உபசாரம் என்று அந்தந்த ஊர்க்காரருக்குத்தானே தெரியும்? அதனால் காது கொடுத்துக் கேட்டுக் குறிப்பெழுதுவது நோயாளியின் பொறுப்பு.

"கட்டி தனியா இல்ல அண்ணாச்சி. அதுதான் சங்கடம்" என்றார் டாக்டர் ஜெபகனி. பஸ்ஸை யாரோ தனக்காக நிறுத்தி வைத்திருப்பதுபோல் பேசும் பெண்மணி. "ஒங்க தலைல எலுமிச்சங்கா அளவுக்கு இருக்குன்னு வைங்க. அதுல பாதி கட்டியே கெடையாது. பூரா நம்ம ஆளுங்க."

"நம்ம ஆளுன்னா?"

"மூளைக்குள்ளயே குடியிருக்க காவல் செல்லுங்க. கட்டியப் பிடிக்கப் போன பயலுவ. அங்கயே தங்கிட்டானுவ. இப்ப கட்டிக்கு ரத்தக்குழாய் இழுத்துக் குடுக்கதும் அவனுவதான், வாசல்ல நின்னு நம்ம கொல்செல்லுக்குச் செம்புல தண்ணி நீட்டுததும் அவனுவதான்."

"எங்க காத்தாலைல குத்தம் பிடிக்க வந்து கம்பெனி ஆளாவே மாறிட்ட அதிகாரி மாதிரிங்கிய."

"அதேதான்."

ஞானதிரவியத்துக்கு அறுபத்துமூன்று வயது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் தொள்ளாயிரம் காற்றாலைகளுக்கு நடுவே இருந்த ஒரே மனிதர். பழுது பார்ப்பதற்கு ஏறுபூச்சி என்கிற எட்டுக்கால் இயந்திரங்கள் உண்டு. 'எல்லாம் சரி' என்று தினமும் ஒரு மனிதன் கையெழுத்துப் போட வேண்டும் என்று எங்கோ ஒரு சட்டம் இருந்ததால் இவரும் உண்டு. ஆடி மாதத்தில் அங்கே வாயைத் திறந்தால், சொன்ன சொல் சொன்னவர் காதில் விழுமுன் தூத்துக்குடிக்குப் போய்விடும். கடைசியாக அவர் வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒரு மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர். அவரும் வழிதவறி வந்தவர். 'வீட்டில் எத்தனை பேர்' என்று கேட்டார், 'ஒண்ணு' என்றதும் பதிவுசெய்துகொண்டு போனார். அது ஆயிற்று நாலு வருஷம்.

ஆகவே அகச்செவியைப் பொருத்திய முதல் வாரத்தில் தலைவலி மண்டையைப் பிளந்தபோதும் அவர் முகத்தில் ஒரு களை வந்திருந்தது. வீக்கத்துக்கு மாத்திரை போட்டால் வலி குறையும். ஆனால் அதே மாத்திரை கொல்செல்களையும் தாலாட்டிவிடும் என்பதால் டாக்டர் கூடாது என்றிருந்தார். ஞானதிரவியம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே சதா ஆள் வருகிறது. 'வாங்க' என்கிறார்கள். 'என்ன இளைச்சிட்டிய' என்கிறார்கள். ஒரு கல்யாண வீட்டின் பின்கட்டுச் சத்தம். மதியம் கஞ்சியைத் தட்டில் ஊற்றிக்கொண்டு, அந்தச் சத்தத்தைத் தொட்டுக்கொண்டு குடித்தார்.

ஒன்றுதான் குறை. அத்தனை பேரிடமும் எந்த ஊர் என்று கேட்ட கட்டி, வீட்டுக்காரரான இவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவருடைய குறிப்புகளை வைத்துப் பட்டறையில் இரண்டாம் படை தயாராயிற்று. காப்பி வாடையை உணரும் மூக்கை அறுத்தெறிந்த செல்கள். அவை உள்ளே போனதும் கட்டி காப்பிப் பேச்சை எடுக்கவே இல்லை. "கால் வலிக்குமே, இப்படித் திண்டுல சாயுங்க" என்றது. சாய்ந்துவிட்டன. மூன்றாம் படைக்குச் சாய்கிற எலும்பே கிடையாது. கட்டி பெருமூச்சு விட்டது. "வெட்டுங்கய்யா. நானும் ஞானதிரவியம், நீங்களும் ஞானதிரவியம். ஒரே ரத்தம். சொந்தக்காரன் கையால சாகதுக்குக் குடுத்து வச்சிருக்கணும்."

அது பொய்யும் இல்லை. கட்டியும் அவர் செல்தான், படையும் அவர் செல்தான். மூன்றாம் படை கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தது.

அன்றைக்கு ஞானதிரவியத்தின் இடது கை மரத்துப்போயிற்று. கையெழுத்துப் போடும் கை அதுதான்.

"இன்னும் ஒரு தடவதான் படை அனுப்ப முடியும்" என்றார் ஜெபகனி. அவர் மெதுவாகப் பேசியதே பயமாக இருந்தது. "அதுக்கு மேல ஒங்க ரத்தத்துல எடுக்கதுக்குச் செல்லு இல்ல. இதுவும் போய் உக்காந்துட்டா, கார்த்திகைக்கு மேல நான் ஒண்ணும் சொல்ல முடியாது அண்ணாச்சி. ஒரு காத அடைச்சா அது இன்னொரு காதுல ஓதுது. என்ன உபசாரம் பண்ணாலும் மசியாத ஒருத்தன் வேணும். அப்படி ஒரு செல்ல எங்க போய்ப் பிடிக்க?"

"செல்லு தெரியாது. மனுசன் உண்டு."

"யாரு?"

"கை நனைக்க மாட்டேன்னு சொன்னவன். பகைவீட்ல பச்சத் தண்ணி குடிச்சாலும் பகை போச்சுன்னு அர்த்தம்லா? அதனால வீட்டுக்குள்ள போவான், உக்காருவான், பேசுவான். ஆனா கை நனைக்க மாட்டான். அவன ஒண்ணும் செய்ய முடியாது."

"நீங்க அப்படி யாரையாவது பாத்திருக்கியளா?"

ஞானதிரவியம் ஜன்னல் பக்கம் பார்த்தார். "கண்ணாடில" என்றார்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய கதை. பணகுடியில் தங்கை தங்கபுஷ்பம் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமனைத் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நேரில் வந்து அழைக்க வேண்டும். தங்கபுஷ்பம் காலில் கட்டுப் போட்டிருந்ததால் அழைப்பிதழைப் பறக்கும் தூதன் இயந்திரத்திடம் கொடுத்துவிட்டாள். அது ஆடிக் காற்றில் வந்து முந்நூற்றுப் பதினாலாம் நம்பர் காற்றாலை இறக்கையில் மோதி, அழைப்பிதழ் நாற்பது ஏக்கருக்குத் தூறலாக இறங்கியது. மணமகள் பெயர் எருக்கஞ்செடியில், முகூர்த்த நேரம் முள்வேலியில். பொறுக்கி, ஒட்டி, படித்துவிட்டு, கல்யாணத்துக்குப் போனார். போகாமல் இருந்திருந்தால்கூடப் பெரிய தப்பில்லை. போனார், மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தார், பந்திக்குக் கூப்பிட்ட பதினேழு பேரிடமும் "சாப்பிட்டுத்தான் வந்தேன்" என்றார். பதினெட்டாவதாகத் தங்கபுஷ்பமே நொண்டிக்கொண்டு வந்து கையைப் பிடித்தாள். அவளிடமும் அதையே சொன்னார். எழுந்து வந்துவிட்டார்.

இதை அவர் சொல்லச் சொல்ல வலது கையில் ஊசி குத்தி ஒரு புட்டி ரத்தம் எடுத்துக்கொண்டார்கள். ஆள் பிடிவாதத்தின் உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் ஏறுகிற உப்பும் காரமும் தனி. அந்த வைராக்கிய ரத்தத்தில் ஊறவைத்து, உபசாரம் கேட்கும் காதெல்லாம் அடைத்து நான்காம் படையை வளர்த்தார்கள். பட்டறையில் அந்தப் புட்டியை வைத்த அலமாரியிலிருந்து மற்றப் புட்டிகள் தாமாகவே தள்ளி உட்கார்ந்ததாகப் பேச்சு. செல்களுக்குக் கைநனையார் என்று பெயர் வைத்தார்கள்.

கைநனையார் உள்ளே போன நாள் காற்றுகூட இறங்கியிருந்தது.

"வாங்க, வாங்க. எந்த ஊரு?"

கைநனையார் வாசலைத் தாண்டி உள்ளே வந்தார்கள்.

"காப்பி?"

"வேண்டாம்."

"தண்ணியாவது..."

"சாப்ட்டுட்டுத்தான் வந்தோம்."

கட்டி குரலைத் தாழ்த்தியது. "நானும் ஞானதிரவியம்தானே?"

"தெரியும். அதான்."

மூன்று நாள் சண்டை நடந்தது. ஞானதிரவியம் காதிலிருந்து கருவியைக் கழற்றிவிட்டார், பிறகு மாட்டிக்கொண்டார். முதலில் ரத்தக்குழாய்கள் அறுந்தன. செம்பு நீட்டிய காவல் செல்கள் செம்பைக் கீழே போட்டன. மூன்றாம் நாள் மத்தியானம் கட்டி தேய்ந்த குரலில், "வீட்டுக்கு வந்தவுங்கள ஒரு வாய்கூடச் சாப்பிட வைக்க முடியாமப் போயிட்டே" என்றது. அதுதான் அதன் கடைசிப் பேச்சு. ஞானதிரவியம் அதையும் நேரம் குறித்து எழுதிக்கொண்டார். எழுதிய கை இடது கை.

மருத்துவ உலகம் தலைகால் புரியாமல் குதித்தது. இரண்டே மாதத்தில் உலகமெங்கும் முப்பதாயிரம் பேருக்கு அவரவர் ரத்தத்திலேயே கைநனையார் தயாராகிவிட்டார்கள். வைராக்கிய ரத்தம் கிடைக்குமோ என்று பயந்தார்கள். நோயாளியைப் படுக்கவைத்து, "யார் வீட்டில் சாப்பிட மாட்டீர்கள்?" என்று கேட்டால் போதும் என்று தெரிந்தது. ஒருவர்கூட யோசிக்க நேரம் கேட்கவில்லை. ஒரு பாட்டையா ஆறு வீடு சொன்னாராம்.

அத்தனை நாளும் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பியபின் ஞானதிரவியம் கணவாய்க்குத் திரும்பினார். தலைவலி இல்லை. கை சுகம். தொள்ளாயிரம் காற்றாலைகளும் சுற்றின. அகச்செவியைக் காதில் வைத்தால் ஒன்றும் கேட்கவில்லை. கஞ்சியைத் தட்டில் ஊற்றினார், தொட்டுக்கொள்ள எதுவும் இல்லை. ஐந்தாம் நாள் சாயங்காலம் எதேச்சையாகக் கருவியின் ஒலியை முழுவதும் கூட்டியபோதுதான் அது கேட்டது. மூச்சுச் சத்தம். நாற்பது லட்சம் பேரின் மூச்சு.

கைநனையார் போகவில்லை. வேலை முடிந்த இடத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

அகச்செவி ஒருவழிக் கருவி. அவர் பேசுவது உள்ளே போகாது. அது தெரிந்தும், அவர் தொண்டையைச் செருமினார். "யாரு, இன்னும் போகலையா?" என்றார். உள்ளே மூச்சு. "சரி, இருங்க. ஒங்க வீடுதான்" என்றார். கஞ்சித் தட்டைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி, "ஒரு வாய்..." என்றார்.

கஞ்சி வாடைக்கு ரத்தத்தில் பசி ஏறியதாலோ என்னவோ, உள்ளிருந்து பதில் வந்தது.

"சாப்ட்டுட்டுத்தான் வந்தோம்."

அவருடைய குரல்தான். அந்தச் சொல்லைப் பதினெட்டுப் பேரிடம் சொன்னவருக்கு, அது எதிரே நிற்பவர் முகத்தில் எப்படி வந்து விழும் என்று அதுவரை தெரியாது. கஞ்சியை அப்படியே வைத்துவிட்டு, முதல் காற்றாலையின் காலடியில் போய் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். ஏறுபூச்சி ஒன்று அவரையும் ஒரு பழுதென்று நினைத்து மேலே ஏறிப் பார்த்துவிட்டு இறங்கிப்போயிற்று.

மறுவாரம் இடது கால் மரத்தது.

ஜெபகனி படங்களைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பஸ் போய்விட்டவர் உட்காரும் விதமாக.

"தப்பு எங்கதான் அண்ணாச்சி. கட்டி படையத் தூங்க வச்ச சொல்லு இருக்குலா, அது கட்டி கண்டுபிடிச்சதில்ல. ஒடம்பு பேசுத சொல்லு. காய்ச்சல், புண்ணு எது வந்தாலும், காவல் செல்லு வந்து அடிச்சு முடிச்சதும் ஒடம்பு சொல்லும், 'போதும்டே, உக்காரு, களைச்சிருப்ப, வீட்டுக்குப் போ'ன்னு. அந்தச் சொல்லத்தான் கட்டி திருடி வச்சிருந்துச்சு. நாம கட்டிக்குப் பயந்து எல்லாக் காதையும் அடைச்சிட்டோம். இப்ப ஒடம்பு 'போதும்'னு கத்துது. கேக்கதுக்குக் காது இல்ல."

"அப்ப அவனுவ இனி?"

"சும்மா உக்காந்திருக்கவன் எத்தன நாளைக்குச் சுவத்தப் பாப்பான்? வீட்டயே இடிக்க ஆரம்பிச்சிருக்கான்."

"எத்தன நாளு இருக்கு?"

"முப்பது. கூடினா முப்பத்தஞ்சு. முப்பதாயிரம் பேருக்கும் இதே கததான்."

ஒரே ஒரு காது மட்டும் பாக்கி இருந்தது. அதை அடைத்தால் செல்லே செத்துவிடும் என்பதால் பட்டறையில் விட்டுவைத்திருந்தார்கள். அது பந்திச்சாற்றைக் கேட்கும் காது; கேட்டால் கைநனையார் இளகி வீட்டுக்குப் போவார்கள். மனிதன் பகையில்லாமல், இன்னொருவரோடு உட்கார்ந்து உண்ணும்போது மட்டும் ரத்தத்தில் ஊறுகிற ரசாயனம் பந்திச்சாறு. கட்டிக்கு அதைச் செய்யத் தெரியாது. ஆராய்ச்சிக்கூடத்தில் செய்து ஊசியில் போட்டுப் பார்த்தார்கள். கைநனையார் முகர்ந்துவிட்டு, கடைச்சரக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள்.

"ஒங்க ரத்தத்துல அது அளக்கக்கூட இல்ல அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, ஜெபகனியே அவரை ஆஸ்பத்திரிக் கேன்டீனுக்குக் கூட்டிப்போனார். எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு பேரும் புரோட்டா சாப்பிட்டார்கள். ஞானதிரவியத்தின் மணிக்கட்டில் கட்டியிருந்த பந்திச்சாறு அளவிமீது டாக்டருக்கு ஒரு கண். டாக்டர் பார்க்கிறாரே என்று இவருக்கு ஒரு கண். நாலு புரோட்டாவுக்கு முள் நூலிழைகூட அசையவில்லை.

"எங்கூட இல்ல" என்றார் ஜெபகனி, கையைத் துடைத்துக்கொண்டே. "யாரு வீட்ல கை நனைக்க மாட்டேன்னு சொல்லி இத வளத்தமோ, அங்கதான் இது எளகும். வேற எடத்துல வச்சிப் பாத்தாச்சு. உலகம் பூரா இப்ப இதுதான் அண்ணாச்சி. ஒவ்வொருத்தரும் ஒரு வாசல்ல போய் நிக்காங்க. பாதி வாசல்ல ஆளே உசுரோட இல்ல."

பணகுடிக்குப் பதினைந்து கிலோமீட்டர். காற்று பின்னாலிருந்து தள்ளியும் ஞானதிரவியத்துக்கு அரை நாள் ஆயிற்று. மூன்று தடவை பாதி வழியில் வண்டியைத் திருப்பியதுதான் காரணம்.

உச்சி வேளை. தங்கபுஷ்பம் கதவைத் திறந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. யார் என்று கேட்கவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

"காத்தாலைய ஆரு பாக்கா?"

"அது பாட்டுக்குச் சுத்தும்."

"ஆஸ்பத்திரில இருந்து ஒரு பொம்பள பேசுச்சு. நான் ஒரு வாய் சோறு போட்டா நீ பொழச்சுக்கிடுவியாம். அப்ப மருந்துக்கு வந்திருக்க."

காதில் கைநனையார் முணுமுணுத்தார்கள். 'பாத்தியா, நிக்க வச்சே பேசுதா. வா, போவோம்.' அளவி பூஜ்யத்தில் இருந்தது. ஞானதிரவியத்துக்கு நல்ல நல்ல பொய்களாக நாலைந்து நாக்கு நுனிவரை வந்தன.

"மருந்துக்குத்தான் வந்தேன்" என்றார். பிறகு, வாழ்க்கையில் எந்த வீட்டு வாசலிலும் சொல்லியிராததைச் சொன்னார். "ஏட்டி, பசிக்குது."

தங்கபுஷ்பம் முந்தானையை இழுத்துச் செருகினாள். "ஒனக்குன்னு இங்க ஒண்ணும் ஆக்கி வைக்கல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கதவு திறந்தே கிடந்தது. தெருவில் ஈ காக்கை இல்லை. மரத்த காலோடு அவர் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பிப் போவதா நிற்பதா என்று சொல்ல உலகத்தில் ஒரு ஆள் இல்லை.

உள்ளே ஏதோ பாத்திரம் உருண்டது. "செருப்பக் கழத்திப் போட்டுட்டு உள்ள வரணும்னு மாமன்மாருக்குத் தட்டு வச்சுச் சொல்லணுமாக்கும்?"

அவர் உள்ளே போனார். தட்டை அவர் முன்னால் வைத்த வேகத்தில் அது மூன்று சுற்றுச் சுற்றி நின்றது. இன்னொரு தட்டில் தனக்கும் போட்டுக்கொண்டு, அவரைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தாள் தங்கபுஷ்பம். முதல் உருண்டையை எடுத்ததும் ஆரம்பித்தாள். கல்யாணத்தன்றைக்குக் கட்டுப்போட்ட காலோடு மண்டபத்தைக் கடந்து வந்த கதை. சம்பந்தி வீட்டார் சிரித்த கதை. மகள் முதல் பிள்ளைக்குக் காது குத்தும்போது அவளுடைய தாய்மாமன் மடி இல்லாமல் யார் மடியில் உட்கார வைத்தார்கள் என்கிற கதை. பன்னிரண்டு வருஷ ஏச்சு. ஒன்றுகூடச் சூடு ஆறியிருக்கவில்லை. ஞானதிரவியம் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு தடவை அவள், ஏச்சை நிறுத்தாமலே, அவர் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

அளவியைப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

தலைக்குள் நாற்பது லட்சம் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கோ பின்வரிசையிலிருந்து ஒரு கைநனையான் மெல்லக் கேட்டான்.

"என்ன கொழம்புடே அது?"

"சும்மா கெட" என்று அதட்டினான் பக்கத்திலிருந்தவன். கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான்:

"புளி கொஞ்சம் தூக்கலோ?"